படிவத்தில் எழுதும் ஒரு வார்த்தை

(கூட்டமைப்பின் ஆண்டுவிழாப் பொதுக்குழுவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. குழுக் கூட்டத்தில் போன மாதக் கணக்கைப் படித்துத்தான் பழக்கம். அதனால இதையும் ஒரு கணக்குப் படிப்பது மாதிரியே சொல்லிவிடுகிறேன். வரவு ஒன்று, நஷ்டம் ஒன்று. வரவு எனக்கு வந்தது. நஷ்டம் எங்கள் குழுவில் இன்னொரு அக்காவுக்கு வந்தது. அந்த நஷ்டத்துக்குக் காரணம் நான். அவங்க இந்தக் கூட்டத்தில்தான் இருக்காங்க. "பேரைச் சொல்லாம விஷயத்தைச் சொல்லு, நாலு பேருக்கு உதவும்"னு அவங்களே சொன்ன பிறகுதான் நான் மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

2022 ஜூன் மாதம். குழுக் கடன் வாங்கின சமயம். ஒரு காப்பீட்டு முகவர் எங்கள் குழுக் கூட்டத்துக்கு வந்தார். "பெரிய நோய் வந்தா மொத்தமா 2 லட்சம் கையில கிடைக்கும்" என்று ஒரு பாலிசியைப் பற்றிச் சொன்னார். தீவிர நோய்க் காப்பீடு என்று பெயர். என் வயதுக்கு வருஷத்துக்கு 1,800 ரூபாய் சொச்சம். நான்தான் அப்போது குழுவின் ஊக்குநர். நான் போட்டால் மற்றவர்களும் போடுவார்கள் என்று எனக்கு முதலில் எழுதினார். அடுத்தது அந்த அக்கா.

முகவர் படிவத்தைப் பார்த்துக் கேட்டார். "சுகர், பிரஷர் ஏதாவது இருக்காம்மா?" அக்காவுக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை. மாதாமாதம் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அக்கா என் முகத்தைப் பார்த்தாங்க. நான் சொன்னேன்: "மாத்திரைதானே போடுறீங்க. அதை எல்லாம் எழுதினா பாலிசி தர மாட்டாங்க. இல்லைன்னே போடுங்க." முகவரும் மறுத்துப் பேசவில்லை. 'இல்லை' என்ற கட்டத்தில் ஒரு டிக். கீழே அக்கா கையெழுத்து. இரண்டு நிமிஷ வேலை.

அந்த டிக்கை இப்போது அப்படியே வைத்துவிட்டு என் கதைக்கு வருகிறேன்.

அந்த வருஷம் மார்கழியில் ஒருநாள் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு. வலி இல்லை. வலி இல்லையே என்று நானும் விட்டுவிட்டேன். நம்ம பொம்பளைங்க செய்கிற முதல் தப்பு அதுதான். பொங்கல் கழிந்து, எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினேன். அங்கிருந்து டவுன் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். மேமோகிராம், பிறகு ஊசியால் சதை எடுத்து பயாப்சி. 2023 பிப்ரவரி 9-ஆம் தேதி ரிப்போர்ட் வந்தது. மார்பகப் புற்றுநோய்.

மாத முடிவில் ஆபரேஷன். பிறகு 21 நாளைக்கு ஒரு தடவை கீமோ. அது முடிந்து ஐந்து வாரம் கரண்ட் வைத்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் ஆபரேஷனுக்கும் கீமோவுக்கும் நான் கைக்காசு கட்டவில்லை. அந்த அட்டை இல்லாத வீடு எதுவும் நம் கூட்டமைப்பில் இருக்கக் கூடாது. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு, வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் சிகிச்சை கிடைக்கும். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற எண்ணில் காசு இல்லாமலே கேட்கலாம்.

ஆனால் அந்த அட்டை ஆஸ்பத்திரிக்குத்தான் பணம் கொடுக்கும். என் தையல் மெஷின் எட்டு மாசம் ஓடவில்லை. அதற்கு யார் கொடுப்பார்கள்? எனக்குத் துணையாக வந்த வீட்டுக்காரருக்கு லோடு ஆட்டோ ஓடவில்லை. பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு, மகள் காலேஜ் ஃபீஸ். தோட்டையும் மூக்குத்தியையும் அடகு வைத்தோம். பிறகு வட்டிக்கு வாங்கினோம். ஆஸ்பத்திரி பில்லுக்கு ஒரு காப்பீடு. வீட்டு அடுப்புக்கு ஒரு காப்பீடு. இந்தத் தீவிர நோய்க் காப்பீடு இரண்டாவது வகை. பில்லைப் பார்த்துப் பணம் தராது. பாலிசியில் எழுதியிருக்கிற நோய் வந்திருக்கிறது என்று நிரூபித்தால், பேசின தொகையை மொத்தமாகத் தரும். அதை நாம் எதற்கு வேண்டுமானாலும் செலவு செய்யலாம். கொடுத்த பிறகு பெரும்பாலும் அந்தப் பாலிசி அதோடு முடிந்துவிடும்.

இதில் மூன்று விஷயத்தை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலாவது, பாலிசி போட்ட உடனே அது வேலை செய்யாது. பெரும்பாலான பாலிசிகளில் முதல் 90 நாள் காத்திருப்புக் காலம். அந்த 90 நாளுக்குள் நோயோ நோயின் அறிகுறியோ தெரிந்தால் பணம் கிடையாது.

இரண்டாவது, நோய் என்று உறுதியான நாளில் இருந்து இத்தனை நாள் உயிரோடு இருக்க வேண்டும் என்று இருக்கும். என் பாலிசியில் 30 நாள். கேட்கவே கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் எழுத்து அப்படித்தான். இறந்தால் பணம் தருவது வேறு காப்பீடு.

மூன்றாவது, நாம் சொல்லும் நோய்ப் பெயர் வேறு, பாலிசி சொல்லும் நோய்ப் பெயர் வேறு. புற்றுநோய் என்றால் எல்லாப் புற்றுநோயும் இல்லை. பரவாமல் தோன்றிய இடத்திலேயே மேல்தோலோடு நிற்கும் ஆரம்ப நிலைக்குப் பொதுவாகப் பணம் கிடையாது. நெஞ்சைத் திறந்து செய்யும் பைபாஸ் ஆபரேஷனுக்கு உண்டு, ஸ்டென்ட் வைத்ததை அதே கணக்கில் சேர்க்க மாட்டார்கள். பக்கவாதம் வந்து பத்து நாளில் சரியாகிவிட்டால் கிடையாது, மூன்று மாசத்துக்குப் பிறகும் பாதிப்பு நிற்க வேண்டும். சிறுநீரகம் என்றால் தொடர்ந்து டயாலிசிஸ் செய்யும் நிலைமை, இல்லை மாற்று ஆபரேஷன். இவ்வளவையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். பாலிசிப் புத்தகத்தில் நோய்ப் பட்டியல் இருக்கும் பக்கத்தை மடித்து வைத்தால் போதும்.

எனக்கு ரிப்போர்ட் வந்து 30 நாள் கழிந்த பிறகு, ஏப்ரல் மாதம் எல்லாப் பேப்பரையும் அனுப்பினேன். க்ளெய்ம் படிவம், பாலிசி நகல், ஆதார், பான் கார்டு, பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், பயாப்சி ரிப்போர்ட், மேமோகிராம், டிஸ்சார்ஜ் சம்மரி, டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தரும் சான்றிதழ். முதன்முதலில் காட்டின ஓ.பி. சீட்டையும் கேட்டார்கள். அதையும் அனுப்பினேன்.

ஜூலை மாதம் ஒரு கடிதம் வந்தது. இங்கிலீஷில். மகள்தான் படித்தாள். படித்துக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். "அம்மா, இல்லைன்னுட்டாங்கம்மா."

காரணம் என்ன தெரியுமா? டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி. 'கட்டி 6 மாதமாக உள்ளது.' பிப்ரவரியில் இருந்து ஆறு மாசம் பின்னால் எண்ணினால் ஆகஸ்ட். நான் பாலிசி போட்டது ஜூன் 10. 90 நாள் முடிவது செப்டம்பர் முதல் வாரம். ஆக, காத்திருப்புக் காலத்துக்குள்ளேயே எனக்குக் கட்டி இருந்திருக்கிறது, அதனால் பணம் கிடையாது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

எனக்கு மயக்கமே வந்துவிட்டது. கட்டியை நான் பார்த்தது மார்கழியில். ஆறு மாசம் எங்கிருந்து வந்தது? யோசித்துப் பார்த்தால் ஞாபகம் வருகிறது. அட்மிட் ஆன அன்றைக்கு ஒரு சின்ன டாக்டர் வந்து, "எத்தனை மாசமா இருக்கு?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த என் மாமியார், "அது ஆறு மாசமாவே உடம்பு அசதின்னு சொல்லிட்டே இருக்கா, கண்ணு" என்றார். பாவம், அவர் சொன்னது அசதியை. அவர் எழுதினது கட்டியை. ரெண்டு பேருமே வேணும்னு செய்யவில்லை. ஆனால் 2 லட்சம் அந்த ஒரு வரியில் போய் நின்றுவிட்டது.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. தெரிந்தவர் ஒருத்தர் வந்து, "ஆஸ்பத்திரியில யாரையாவது பிடிச்சு, ஐந்நூறு ஆயிரம் கொடுத்து, அந்தச் சம்மரியையே வேற மாதிரி எழுதி வாங்கிடு" என்றார். பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் ஆசை வந்தது. நடந்தது உண்மைதானே, உண்மைக்காகக் கொஞ்சம் மாற்றினால் என்ன என்று தோன்றியது. அந்த எண்ணத்தோடுதான் டாக்டரிடம் போனேன்.

டாக்டர் சொன்னார்: "எழுதினதை அழிச்சு எழுத மாட்டேம்மா. அழிச்சா உங்களுக்குத்தான் ஆபத்து. கம்பெனிகிட்ட பழைய காப்பி இருக்கும், ரெண்டையும் வெச்சுப் பார்த்தா நீங்கதான் மோசடி பண்ணினதா ஆகிடும். உங்க முதல் ஓ.பி. சீட்டை எடுங்க." எடுத்துக் கொடுத்தேன். அதில் ஜனவரி மாதத் தேதி போட்டு, 'ஒரு மாதமாக' என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்து அவர் ஒரு தனிச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். அட்மிட் ஆகும்போது உறவினர் சொன்னதை வைத்து 6 மாதம் என்று பதிவானது, முதல் ஓ.பி. சீட்டின்படி ஒரு மாதம்தான் என்று, தேதி, கையெழுத்து, முத்திரையோடு.

சகோதரிகளே, தவறாக எழுதியதை அழிக்கக் கூடாது. அதன் மேல் சரியானதை, காரணத்தோடு, தனியாக எழுதி வாங்க வேண்டும். நம்ம ரொக்கப் பேரேட்டில் தப்பு வந்தால் ஒயிட்னர் போடக் கூடாது, கோடு போட்டு எழுதிக் கையெழுத்துப் போடணும்னு நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களே, அதே பாடம்தான்.

இன்னும் இரண்டு சாட்சிகள் எனக்குக் கிடைத்தன. இரண்டும் குழுவால் கிடைத்தவை.

ஒன்று, 2022 நவம்பரில் நாங்கள் குழுவாகச் சேர்ந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பரிசோதனைக்குப் போயிருந்தோம். 30 வயது தாண்டின பெண்களுக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம், மார்பகம், கர்ப்பப்பை வாய் எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள் இல்லையா, அதுதான். அன்று நர்ஸம்மா என் மார்பைக் கையால் தொட்டுப் பார்த்து, கட்டி ஒன்றும் இல்லை என்று பதிவேட்டில் எழுதியிருந்தார். மருத்துவ அலுவலர் அதன் நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நவம்பரில் இல்லாத கட்டி ஆகஸ்டில் எப்படி இருக்கும்?

இரண்டாவது, எங்கள் தீர்மானப் புத்தகம். 2023 ஜனவரிக் கூட்டத்தில், 'உறுப்பினருக்குப் போன மாதம் மார்பில் கட்டி தெரிய வந்ததால், பரிசோதனைச் செலவுக்கு அவசரக் கடன் 5,000 ரூபாய் வழங்க முடிவு செய்யப்பட்டது' என்று எழுதி, 12 பேர் கையெழுத்து. அன்றைக்கு அதைப் படிக்கும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது. "மருத்துவச் செலவுன்னு மட்டும் எழுதுங்கடி" என்றேன். எங்கள் பிரதிநிதிதான், "என்னத்துக்குக் கடன்னு முழுசா எழுதணும்"னு பிடிவாதமாக எழுதினாள். அந்தப் பிடிவாதம்தான் என்னைக் காப்பாற்றியது.

இந்த மூன்றையும் வைத்து, முதலில் அந்தக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்குக் கடிதம் எழுதினேன். தமிழிலேயே எழுதினேன். ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை. கம்பெனி பதில் சொல்லாவிட்டால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் செய்ய 155255 என்ற எண்ணும், 1800 4254 732 என்ற எண்ணும் இருக்கின்றன. பீமா பரோசா என்ற இணையப் பக்கமும் இருக்கிறது. அதற்கும் மேலே ஒரு இடம் இருக்கிறது. காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர், ஆம்புட்ஸ்மேன் என்பார்கள். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னையில் அலுவலகம். ஒரு பைசா கட்டணம் கிடையாது. வக்கீல் தேவையில்லை. இப்போது 50 லட்சம் ரூபாய் வரைக்குமான வழக்கைப் பார்க்கிறார்கள். ஆனால் இரண்டு நிபந்தனை. முதலில் கம்பெனிக்கு எழுதி, பதில் திருப்தி இல்லாமலோ ஒரு மாதம் பதிலே இல்லாமலோ இருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். ஒரு வருஷம் தாண்டிவிட்டால் கதவு மூடிவிடும். "கடவுள் விட்ட வழி"ன்னு உட்கார்ந்திருந்தால் அந்த ஒரு வருஷம் போய்விடும்.

செப்டம்பரில் மனு அனுப்பினேன். டிசம்பரில் விசாரணை. வீடியோவில் பேசலாம் என்றார்கள். கீமோ முடிந்து தலையில் முடி அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. நம் கூட்டமைப்பு அலுவலகத்தில், அந்தப் பெரிய மேசைக்குப் பக்கத்தில், மகள் போனைப் பிடித்துக்கொண்டாள். பிரதிநிதி தீர்மானப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கம்பெனி தரப்பில் ஒருவர் பேசினார். பிறகு என்னைக் கேட்டார்கள். நான் அழாமல் பேச வேண்டும் என்று நினைத்தேன். தேதியைச் சொல்ல ஆரம்பித்ததும் அழுகை வரவில்லை. தேதி நம் பக்கம் இருந்தால் தைரியம் தானாக வருகிறது.

ஜனவரியில் உத்தரவு வந்தது. முழுத் தொகையும் கொடுக்க வேண்டும் என்று. 2024 பிப்ரவரியில் 2 லட்சம் கணக்கில் ஏறியது. வட்டிக்கடனை அடைத்தேன். தோட்டைத் திருப்பினேன். குழுவில் வாங்கின 5,000 ரூபாயை அடைத்தேன். இது வரவுக் கணக்கு. கை தட்ட வேண்டாம், இன்னும் முடியவில்லை.

அந்த வருஷம் ஆடி மாதம் அந்த அக்கா என் வீட்டுக்கு வந்தாங்க. கால் இரண்டும் வீங்கியிருந்தது. சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்று சொல்லிவிட்டார்கள். கையில் ஒரு மஞ்சள் பை. அதில் எல்லாப் பேப்பரும். ஒரு பேப்பர்கூடத் தொலையவில்லை. "உனக்கு வாங்கின மாதிரி எனக்கும் வாங்கிக் குடு கண்ணு"ன்னாங்க.

நானே உட்கார்ந்து எழுதி அனுப்பினேன். இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. 'சர்க்கரை நோய் 8 வருடமாக என்று மருத்துவமனைப் பதிவில் உள்ளது. பாலிசி எடுக்கும்போது இல்லை என்று கூறியுள்ளீர்கள். எனவே மறுக்கப்படுகிறது.'

என் கடிதத்தில் ஒரு வார்த்தை தவறு. அதைச் சரி என்று நிரூபிக்க மூன்று சாட்சி கிடைத்தது. அக்கா கடிதத்தில் ஒரு வார்த்தைகூடத் தவறு இல்லை. ஆறு வருஷச் சர்க்கரை, அதற்கு மேலே இரண்டு வருஷம், எட்டு வருஷம். கணக்குச் சரி. அந்தச் சர்க்கரைதான் சிறுநீரகத்தைக் கெடுத்தது. ஆம்புட்ஸ்மேனிடம் என்ன சொல்வேன்? எந்தச் சான்றிதழை வாங்குவேன்? அந்த டிக்கை அன்று போடச் சொன்னது நான்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். திட்டுவாங்க என்று நினைத்தேன். "நீ நல்லதுக்குத்தானே சொன்ன, விடு"ன்னுட்டாங்க. திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

சிலர் கேட்பீர்கள், உண்மையைச் சொல்லியிருந்தா அவங்களுக்குப் பாலிசியே கொடுத்திருக்க மாட்டாங்களே என்று. இருக்கலாம். பிரீமியத்தைக் கூட்டிக் கொடுத்திருக்கலாம். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் கொஞ்ச வருஷம் காத்திருக்கச் சொல்லியிருக்கலாம். கொடுக்காமலே போயிருக்கலாம். எது நடந்திருந்தாலும், இரண்டு வருஷம் பிரீமியம் கட்டி, 'எனக்குக் காப்பீடு இருக்கு' என்று நம்பி ஏமாந்திருக்க மாட்டாங்க. பாலிசி இல்லை என்று தெரிந்திருந்தால் அந்தப் பணத்தைச் சேமிப்பில் போட்டிருப்பாங்க. இன்று அவங்க டயாலிசிஸ் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் நடக்கிறது. பஸ் செலவுக்கும் வீட்டுக்கும் குழு கடன் கொடுத்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, சொல்லாமல் விட்டதைக் காரணம் காட்டி மறுக்க முடியாது என்று 2024-இல் விதி வந்திருக்கிறது. முன்னால் அது 8 வருஷமாக இருந்தது. இதைக் கேட்டுவிட்டு, "அப்போ அஞ்சு வருஷம் மறைச்சா போதுமா"ன்னு யாரும் நினைக்க வேண்டாம். நோய் அஞ்சு வருஷம் பொறுத்துக்கொண்டு வராது.

நம்மில் பலருக்கு இன்னொரு குழப்பம் இருக்கிறது. பேங்கில் 20 ரூபாய் பிடிக்கிறார்கள், 436 ரூபாய் பிடிக்கிறார்கள், அதனால் எனக்குக் காப்பீடு இருக்கு என்று நினைக்கிறோம். 20 ரூபாய் பிடிப்பது விபத்துக்கு. 436 ரூபாய் பிடிப்பது இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். இரண்டும் நல்ல திட்டம்தான், விடாமல் கட்டுங்க. ஆனால் நோய் வந்தால் இரண்டும் பணம் தராது. கடனோடு சேர்த்துப் பிடிக்கும் காப்பீடும் பெரும்பாலும் இறந்தால் கடனை அடைப்பதற்குத்தான். உங்கள் பாஸ்புக்கில் எது எதற்குப் பிடித்திருக்கிறது என்று இன்று வீட்டுக்குப் போனதும் பாருங்க.

கடைசியாக, ஒவ்வொரு குழுவும் செய்ய வேண்டியது என்று நான் நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்: படிவத்தைக் குழுக் கூட்டத்தில் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்க. உடம்பைப் பற்றிய கேள்விக்கு உறுப்பினர்தான் பதில் சொல்ல வேண்டும். ஊக்குநர் சொல்லக் கூடாது, முகவர் சொல்லக் கூடாது, வீட்டுக்காரரும் சொல்லக் கூடாது. கூட்டத்தில் சொல்லக் கூச்சமான நோயாக இருந்தால் முகவரிடம் தனியாகச் சொல்லட்டும். ஆனால் எழுத்தில் வர வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீங்க. நிரப்பின படிவத்தைப் போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்க. பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம், அவர்களுக்கான சிறு செலவைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். அந்த 30 நாளில் மகளையோ மருமகளையோ படிக்கச் சொல்லி, நாம் சொன்ன பதிலும் அதில் இருக்கும் பதிலும் ஒன்றுதானா என்று பாருங்க.

நோய் வந்த பிறகு: முதல் ஓ.பி. சீட்டைத் தூக்கிப் போடாதீங்க. அதுதான் நம் நோயின் பிறந்த தேதி. டாக்டர் எத்தனை நாளாக என்று கேட்டால் நோயாளியே யோசித்துச் சொல்ல வேண்டும். 'ரொம்ப நாளா', 'ஒரு ஆறு மாசமா' என்று வாய்க்கு வந்ததைச் சொல்ல வேண்டாம். தெரியாவிட்டால் எந்த மாதம், என்ன விசேஷத்துக்கு முன்னே பின்னே என்று சொல்லுங்க. டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே சம்மரியை வாங்கி அங்கேயே படிக்கச் சொல்லுங்க. தவறு இருந்தால் அங்கேயே சொல்லுங்க. அசல் பேப்பர் வீட்டில் இருக்கட்டும், கம்பெனி அசல்தான் வேண்டும் என்றால் ஜெராக்ஸ் எடுத்துவிட்டுக் கொடுங்க. எதைக் கொடுத்தாலும் கொடுத்ததற்கு ரசீது வாங்குங்க.

மறுத்துவிட்டால்: கடிதம் வந்த தேதியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்க. ஒரு மாதக் கணக்கு நாம் கம்பெனிக்குக் குறையை எழுதி அனுப்பின தேதியில் இருந்து நகரும், ஒரு வருஷக் கணக்கு அதற்குப் பதில் வந்த பிறகோ பதில் இல்லாமல் அந்த ஒரு மாதம் முடிந்த பிறகோ நகரும். காரணத்தை ஒருத்தர் படித்துச் சொல்லட்டும். காரணம் தவறாக இருந்தால் சண்டை போடுவோம், சென்னை வரைக்கும் போவோம். காரணம் சரியாக இருந்தால் அதையும் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இவை எல்லாவற்றுக்கும் குழுவுக்கு ஒரு தனி நோட்டு வேண்டும். யாருக்கு என்ன பாலிசி, எப்போது தொடங்கியது, எப்போது பணம் கட்ட வேண்டும், வாரிசு யார், பேப்பர் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று எழுதி வைக்கும் நோட்டு. எங்கள் குழுவில் ஆரம்பித்துவிட்டோம். அந்த அக்காதான் அதை எழுதுகிறார்கள். டயாலிசிஸ் இல்லாத நாளில் வந்து உட்கார்ந்து எழுதுவாங்க. புதிதாக யாராவது பாலிசி போட வந்தால், எங்கள் குழுவில் முகவருக்கு முன்னால் அவங்கதான் கேள்வி கேட்கிறாங்க: "சுகர் இருக்கா? பிரஷர் இருக்கா? இருந்தா இருக்குன்னு எழுது."

இதை எல்லாக் குழுக்களும் செய்ய வேண்டும் என்று இந்தப் பொதுக்குழுவில் ஒரு தீர்மானமாகப் போடும்படி தலைவி அம்மாவைக் கேட்டுக்கொள்கிறேன். நான் முன்மொழிகிறேன். வழிமொழிய அந்த அக்கா கையைத் தூக்கியிருக்காங்க, பாருங்க.